மதியத்தில் துவளும் தக்காளிக்குத் தினமும் தண்ணீர் வேண்டுமா?
தம்பி, இலங்கையின் வெலிமடையில் 60 தக்காளிக் கன்று, பீலியில் (ஊற்றுத் தண்ணீர் விழும் குழாயில்) தண்ணீர் குறைவு, தினமும் ஊற்றியும் மதியம் வாடுகிறது, காயின் அடி கறுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆடி மாதம் உங்கள் ஊவாப் பக்கம் அடிக்கும் காய்ந்த கச்சான் காற்றுக்கு நல்ல செடியே மதியம் துவளும். சாயந்தரம் நிமிர்ந்தால் விட்டுவிடுங்கள். காலையிலேயே தொங்கினால் விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஈரமாக இருந்தும் தொங்கினால் அது வாடல் நோயாக இருக்கலாம், தண்ணீர் விட்டுப் பயனில்லை.

தினமும் ஒரு சிரட்டை ஊற்றினால் மேல்மண்தான் நனையும், வேரும் மேலேயே நிற்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை, விடியற்காலையில், தூரைச் சுற்றி வரப்புக் கட்டி, கன்றுக்கு மூன்று நாலு லீற்றர் மெதுவாக விடுங்கள். அடி கறுப்பதற்கு மருந்தடித்துக் காசைக் கரைக்க வேண்டாம். மண் ஒருநாள் காய்ந்தும் ஒருநாள் வெள்ளமுமாக இருந்தால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது, அவ்வளவுதான்.

அப்புறம் மானா என்ற உயரமான புல்லை அறுத்து நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டில் ஒட்டாமல். பூக்கும் முன் அறுங்கள். நான் விதையோடு போட்டுவிட்டு ஒரு மாதம் புல் பிடுங்கினேன்! தக்காளியில் பூவும் பிஞ்சும் உள்ளபோது தண்ணீரைக் குறைக்காதீர்கள். பழுக்கத் தொடங்கியதும் குறைக்கலாம்.