இசெட்டா யாருடையது?

வணக்கம் சார்,

கோவையில் ஒரு ஃபவுண்டரியில் வேலை செய்கிறேன். பழைய பைக், ஸ்கூட்டர் படங்களைச் சேர்ப்பது பொழுதுபோக்கு. பிஎம்டபிள்யூ கண்டுபிடித்த இசெட்டா என்ற குட்டிக் காரைப் போல இத்தாலியின் சின்னக் கம்பெனிகளும் ஏதாவது செய்தனவா? செய்திருந்தால் ஏன் எல்லாமே தோற்றுப்போயின? அழகு மட்டும்தான் இருந்தது, பொறியியல் இல்லை என்கிறார் நண்பர். வெஸ்பா பற்றியும் எழுதுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

படம் சேர்க்கிறவர் இப்படி எழுதலாமா? இசெட்டா பிஎம்டபிள்யூவின் கண்டுபிடிப்பு இல்லை. மிலானுக்குப் பக்கத்தில் பிரெஸ்ஸோவில் இருந்த ஐசோ கம்பெனியுடையது. ரென்சோ ரிவோல்டா முதலில் குளிர்சாதனப் பெட்டிகள் செய்தவர். போருக்குப் பிறகு ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் என்று இறங்கினார். எர்மெனெஜில்டோ பிரெட்டி என்ற விமானப் பொறியாளர் அவருக்கு வரைந்து கொடுத்த வண்டிதான் 1953இல் வெளிவந்த இசெட்டா. ஒரே கதவு, அதுவும் முன்பக்கம். கதவைத் திறந்தால் ஸ்டியரிங்கும் கூடவே வெளியே வரும். பின்சக்கரங்கள் இரண்டும் நெருக்கமாக இருந்ததால், வளைவில் அவை வேறுவேறு வேகத்தில் சுழல உதவும் டிஃபரன்ஷியலே தேவைப்படவில்லை. எஞ்சின் ஐசோவின் மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தது: 236 சிசி டூ ஸ்ட்ரோக், இரண்டு பிஸ்டன்களுக்கு ஒரே எரி அறை. இதையெல்லாம் யோசித்துச் செய்தவர்களிடம் பொறியியல் இல்லையா? உங்கள் நண்பரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

பிஎம்டபிள்யூ உரிமம் வாங்கித் தன் 247 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்தி 1955இல் விற்கத் தொடங்கியது. 1,60,000க்கும் மேல் விற்றது. பிரான்சில் வெலாம், பிரேசிலில் ரோமி ஆகியவையும் உரிமம் வாங்கிச் செய்தவைதான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ரிவோல்டா மனமுவந்து விற்றார். 1962இல் ஐசோ பெரிய கார்களையே செய்யத் தொடங்கியது. இப்படிப்பட்டவரைத் தோற்றவர் பட்டியலில் சேர்க்க எப்படி மனம் வந்தது? அதிகம் விற்றவன் பெயரை, உருவாக்கியவன் பெயராக எழுதும் வழக்கம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. படத்துக்குக் கீழே நீங்கள் எழுதும் ஒரு வரிதான் நாளை பத்துப் பேர் எடுத்துப்போடும் வரி. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஃபவுண்டரிக்காரர் என்பதால் உங்களுக்கு ரூமி கம்பெனியின் ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சில வாரங்களாகவே அந்த வண்டியின் நினைப்பாக இருக்கிறேன். பெர்காமோ நகரில் டொன்னினோ ரூமி நடத்திய வார்ப்படத் தொழிற்சாலை அந்தக் கம்பெனி. நெசவு இயந்திரங்களுக்கு வார்ப்புகள் செய்தது, போர்க்காலத்தில் குட்டி நீர்மூழ்கிகளும் டார்பிடோக்களும் செய்தது. 1954இல் ஃபோர்மிக்கினோ என்ற ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. ‘குட்டி எறும்பு’ என்று பொருள். அதற்குக் குழாய்ச் சட்டம் (ஃபிரேம்) கிடையாது. அலுமினியத்தில் வார்த்த பகுதிகளை எஞ்சினோடு சேர்த்து போல்ட் போட்டு முறுக்கினால் அதுவே உடல், அதுவே சட்டம். உள்ளே கிடைமட்டமாகப் படுத்த இரட்டை சிலிண்டர், 125 சிசி.

என் தாய்மாமா மோல்டர், வார்ப்புக்கு மண் அச்சு செய்பவர். மண்ணிலிருந்து எடுத்த வார்ப்பு ஆறியதும் விரலால் தடவிப் பார்ப்பார், சுத்தியலால் தட்டிக் காதுகொடுப்பார். ‘இதுல ப்ளோ ஹோல் இருக்குடா’ என்பார், உள்ளே காற்று அடைபட்ட ஓட்டையைத்தான் சொல்வார். அறுத்துப் பார்த்தால் இருக்கும். ஃபோர்மிக்கினோவின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவரிடம் காட்டியிருக்கலாமே என்று ஏங்குகிறேன். ஒரு ஸ்கூட்டரின் மொத்த எடையையும் வார்ப்பை நம்பி நிறுத்த எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது அவருக்குப் புரிந்திருக்கும். உங்களுக்கும் புரியும். அழகாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடாதீர்கள்.

இத்தாலியின் வாரேசே நகரில் விமானம் செய்த மாக்கி கம்பெனியும் போருக்குப் பின் மூன்று சக்கர வண்டிக்கு வந்து, அப்புறம் மோட்டார் சைக்கிளுக்குப் போனது. 1960இல் ஹார்லி டேவிட்சன் அதன் மோட்டார் சைக்கிள் பிரிவில் பாதியை வாங்கியது. ஆளே இல்லாத கடையையா அமெரிக்காக்காரன் தேடிவந்து வாங்குவான்?

சரி, ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டீர்கள். ஃபியட் 1955இல் 600 என்ற காரையும், 1957இல் புதிய 500 என்ற காரையும் கொண்டுவந்தது. மழையில் நனையாமல் குடும்பத்தோடு போக ஒரு கார் கைக்கெட்டும் விலைக்கு வந்தபின், இரண்டு குழந்தை பெற்றவன் ஸ்கூட்டர் கடைக்கு எதற்குப் போவான்? 1960களின் தொடக்கத்தில் ரூமி மோட்டார் சைக்கிள் செய்வதை நிறுத்திவிட்டது. வார்ப்பில் ஒரு குறையும் இல்லை.

வெஸ்பா பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அது நான் எழுதித் தெரிய வேண்டிய வண்டி இல்லை. உங்களிடம் உள்ள ரூமி படங்களை அனுப்புங்கள்.

அன்புடன்.