'பிஃபோர்' என்ன பார்ட் ஆஃப் ஸ்பீச்? லிஸ்ட் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க டீச்சர்

பாலக்கோடு பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில 18 வருஷமா வேலை பாக்குற டீச்சர் ஒருத்தவங்க கேட்டிருக்காங்க, பேர் போட வேணாம்னாங்க, போடல. அவங்க எழுதினது சுருக்கமா இதான்:

"சார், சர்வீஸ்ல இருக்கற டீச்சரும் டெட், அதான் ஆசிரியர் தகுதித் தேர்வு, பாஸ் பண்ணணும்ங்கற சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் நானும் எழுதியாகணும்னு ஆயிப்போச்சு, தொடக்கப் பள்ளி டீச்சருங்களுக்கான பேப்பர் ஒண்ணு. கணக்கு, சூழ்நிலையியல் எல்லாம் சமாளிச்சிடுவேன், இங்கிலீஷ்தான் உதைக்குது. மாடல் டெஸ்ட்ல 'ஐ ஹேவ் சீன் ஹிம் பிஃபோர்'னு குடுத்து, பிஃபோர் என்ன பார்ட் ஆஃப் ஸ்பீச், அதாவது எந்த வகைச் சொல்னு கேட்டாங்க. ப்ரிபொசிஷன்னு போட்டேன், விடைக் கீயில அட்வெர்ப்னு இருக்கு. அடுத்த டெஸ்ட்ல 'பிஃபோர் தி பஸ் கேம்'ல அதே பிஃபோர் கன்ஜங்ஷனாம். ஒரே வார்த்தை எப்படி சார் மூணா இருக்கும், கீ தப்பா? வாட்ஸப் குரூப்ல ஒருத்தர் 700 வார்த்தைக்கு பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் போட்ட லிஸ்ட் 1,200 ரூபாய்க்குத் தர்றேங்கறார், வாங்கி மனப்பாடம் பண்ணிடவா?"

வாங்காதீங்க. மொதல்ல அதைச் சொல்லிட்டுத்தான் மத்தது. கீ ரெண்டு இடத்துலயும் சரி, நீங்க ப்ரிபொசிஷன்னு நெனச்சதும் வேற வாக்கியத்துல சரிதான், தப்பு எங்கன்னா இங்கிலீஷ்ல ஒரு வார்த்தைக்கு பொறந்ததுல இருந்தே ஒரு பார்ட் ஆஃப் ஸ்பீச் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு நம்ம எல்லாருக்கும் ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்துட்டாங்க, அங்கதான். அது எந்த எடத்துல உக்காந்திருக்குன்னு பாத்துத்தான் பேரே வைக்கணும்.

உங்க கடுதாசியவே எடுத்துக்கறேன். "தீர்ப்புக்கு அப்புறம்"னு எழுதியிருக்கீங்க. இதே 'அப்புறம்'ங்கறத "அப்புறம் பாக்கலாம்"னு சொல்லுவீங்க, "பஸ் போனதுக்கு அப்புறம் வந்தான்"னும் சொல்லுவீங்க. மூணும் வேற வேற வேலைதான? 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'சின்ஸ்' மூணுக்கும் இதான் கதை. அந்த வார்த்தைக்குப் பின்னாடி என்ன வருதுன்னு மட்டும் பாருங்க. பின்னாடி ஒண்ணுமே இல்ல, வாக்கியம் முடிஞ்சிடுச்சுன்னா அட்வெர்ப், 'ஐ ஹேவ் சீன் ஹிம் பிஃபோர்' அப்படித்தான். பின்னாடி ஒரு பேரோ ஒரு நாளோ ஒரு நேரமோ மட்டும் வந்தா ப்ரிபொசிஷன், 'பிஃபோர் லஞ்ச்', 'சின்ஸ் மண்டே'. பின்னாடி ஒரு ஆளும் அந்த ஆள் செய்யற வேலையும் சேந்து முழு வாக்கியமா வந்தா கன்ஜங்ஷன், 'பிஃபோர் தி பஸ் கேம்', 'சின்ஸ் ஹி லெஃப்ட்'. உங்க ரெண்டு கேள்விக்கும் பதில் இதுலயே முடிஞ்சுது. 'பட்' மட்டும் கொஞ்சம் தனி, 'ஆல் பட் ரவி'ன்னா ரவி தவிர எல்லாரும்னு அர்த்தம், அங்க அது ப்ரிபொசிஷன்.

நவுன் (பெயர்ச்சொல்), வெர்ப் (வினைச்சொல்), அட்ஜெக்டிவ் (பெயரை விவரிக்கறது), அட்வெர்ப் (வேலை எப்படி நடக்குதுன்னு சொல்றது) பக்கம் குழப்பம் வேற மாதிரி, அங்க பின்னாடி பாத்தா மட்டும் போதாது. நான் தேன்கனிக்கோட்டை பக்கம் வேலை பாத்தப்போ, வீட்ல தெலுங்கும் கன்னடமும் பேசற பசங்க, தமிழே ரெண்டாவது மொழி மாதிரி, இங்கிலீஷ் மூணாவது. ராயக்கோட்டை மார்க்கெட்டுக்கு தக்காளி அனுப்பற வீட்டுப் பையன் ஒருத்தன். போர்டுல 'ஐ வாட்டர் தி டொமேட்டோஸ்'னு எழுதி அர்த்தம் கேட்டேன், எழுந்து நின்னு ரொம்ப நேரம் யோசிச்சு "நான் தண்ணி தக்காளி சார்"ன்னான். கிளாஸே சிரிச்சுது. அவன் மேல தப்பு இல்ல, மூணாங் கிளாஸ்லயே வாட்டர்னா நவுன்னு ஒருத்தர் நோட்ல எழுதி வச்சிருக்கார், அது அப்படியே கல்வெட்டு மாதிரி நின்னுடுச்சு. காலைல எந்திரிச்சு தோட்டத்துக்கு தண்ணி பாய்ச்சிட்டு வர்ற பையனுக்கு வாட்டர்ங்கறது ஒரு வேலையும்தான்னு சொல்ல யாரும் மெனக்கெடல.

ஏன் இப்படின்னா, இங்கிலீஷ் பழைய காலத்துல வால் வச்ச மொழியாத்தான் இருந்துச்சு, வால்னா வார்த்தைக் கடைசியில ஒட்டற விகுதி. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி அன்புங்கற நவுனுக்கு 'லுஃபு', அன்பு காட்டுங்கற வெர்புக்கு 'லுஃபியன்'னு தனித்தனி வால். 1066-ல பிரான்ஸ் பக்கத்துல இருந்து நார்மன்காரங்க இங்கிலாந்துக்கு வந்து ஆண்ட காலத்துக்குள்ளயும் அதுக்குப் பின்னாடியும் அந்த வாலெல்லாம் தேஞ்சு போய் ரெண்டுமே 'லவ்'னு ஆயிடுச்சு. வால் போனதால இப்ப எடத்தை வச்சுத்தான் அடையாளம் கண்டுபிடிக்கணும்.

நம்ம தமிழுக்கு வால் போகல. இங்கதான் உங்களுக்கு ஒரு சுலப வழி இருக்கு, நீங்க தெனமும் பேசறதுதான். இங்கிலீஷ் வார்த்தைய நாம பேச்சுல எடுத்தா உடனே ஒரு தமிழ் வாலை ஒட்டிடறோம், கவனிச்சிருக்கீங்களா? 'ஃபாஸ்ட்'டையே எடுங்க. "ஃபாஸ்ட்டான பஸ்", "ஃபாஸ்ட்டா போ". அந்த 'ஆன' வந்தா அட்ஜெக்டிவ், 'ஆ' வந்தா அட்வெர்ப். 'லைட்'டுக்கு "லைட்ட அணை"ன்னா நவுன், "லைட்டான பெட்டி"ன்னா அட்ஜெக்டிவ். எதுக்குப் பின்னாடி 'பண்ணு' போட்டுச் சொல்ல வருதோ அது வெர்ப், 'வாட்டர் பண்றேன்'னு யாரும் பேச மாட்டோம்தான், ஆனா மனசுக்குள்ள போட்டுப் பாத்தா அந்தப் பையனுக்கு அன்னிக்கே புரிஞ்சிருக்கும். கேள்வித்தாள்ல கோடு போட்ட வார்த்தைக்கு ஒரு தமிழ் வாலை ஒட்டிப் பாருங்க, பாதிக் கேள்வி அதுலயே உக்காந்துடும்.

கிருஷ்ணகிரி ரவுண்டானா எல்லாருக்கும் தெரியும், 'ரவுண்ட்'டையே ஒரு ரவுண்டு பாத்துடலாம். 'எ ரவுண்ட் டேபிள்', வட்டமான மேசை, அட்ஜெக்டிவ். 'தி செகண்ட் ரவுண்ட்', ரெண்டாவது சுத்து, நவுன். 'தி லாரி ரவுண்டட் தி கார்னர்', லாரி முனைய சுத்தி வந்துச்சு, வெர்ப். 'ஹி டர்ன்ட் ரவுண்ட்', பின்னாடி ஒண்ணும் இல்ல, அட்வெர்ப். 'வி வாக்ட் ரவுண்ட் தி லேக்', பின்னாடி ஏரி வந்துடுச்சு, ப்ரிபொசிஷன். ஒரே வார்த்தை, அஞ்சு வேலை. உங்க 1,200 ரூபா லிஸ்ட்ல ரவுண்டுக்கு எதிர்ல என்ன போட்டிருக்கும்னு நெனக்கறீங்க?

ஆனா இந்த வால் வித்தைல ஒரு ஓட்டை இருக்கு, அதுல நெறைய பேர் விழறாங்க, அதனால இழுத்தே சொல்றேன். 'தி மேங்கோ டேஸ்ட்ஸ் ஸ்வீட்'. தமிழ்ல என்ன சொல்லுவோம்? "மாம்பழம் ஸ்வீட்டா இருக்கு". 'ஆ' வந்துடுச்சே, அப்ப அட்வெர்ப்தானேன்னு போட்டா மார்க் போச்சு. இங்க ஸ்வீட் அட்ஜெக்டிவ். நம்ம மொழியில 'இருக்கு'க்கு முன்னாடி எல்லாத்துக்கும் 'ஆ' வந்துடும், நல்லா இருக்கு, பெருசா இருக்கு, சந்தோஷமா இருக்கு, அதான் ஏமாத்துது. அப்ப என்ன பண்ணணும்? அந்த வேலைய செய்யறது யாருன்னு கேளுங்க. மாம்பழமா ருசி பாக்குது? நாமதான பாக்கறோம். மாம்பழம் சும்மா உக்காந்திருக்கு, அது எப்படிப்பட்டதுன்னுதான் ஸ்வீட் சொல்லுது, அதனால அட்ஜெக்டிவ். 'ஷி டேஸ்டட் தி மேங்கோ ஸ்லோலி'ன்னா அவங்களே ருசி பாக்கறாங்க, எப்படிப் பாத்தாங்கன்னு ஸ்லோலி சொல்லுது, அது அட்வெர்ப். 'ஹி லுக்ஸ் ஹேப்பி', 'தி ஃபிளவர் ஸ்மெல்ஸ் குட்', 'ஐ ஃபீல் கோல்ட்' எல்லாம் மாம்பழக் கட்சி, பூ மோந்து பாக்காது. 'ஹார்ட்' ரெண்டு பக்கமும் வரும், 'தி எக்ஸாம் வாஸ் ஹார்ட்' அட்ஜெக்டிவ், 'ஷி வொர்க்ட் ஹார்ட்' அட்வெர்ப், அவங்கதான உழைச்சாங்க. 'ஈஸ்', 'வாஸ்', 'பிகேம்', 'சீம்ஸ்' பின்னாடி வர்றதையும் இதே கணக்குல வச்சுக்கங்க. இன்னும் நுணுக்கமா போனா முடிவே இல்ல, டெட்டுக்கு இது போதும்.

உச்சரிப்பு மாறற கேசும் உண்டு, 'ரெக்கார்ட்' நவுனா இருந்தா மொத அசையில அழுத்தம், வெர்பா இருந்தா ரெண்டாவதுல. பார்ட் ஆஃப் ஸ்பீச் கண்டுபிடிக்க அது தேவைப்படாது, விடுங்க.

இப்ப அந்த லிஸ்ட் விக்கறவர் கதைக்கு வர்றேன். என் அக்கா பொண்ணு ஒரு கோச்சிங் சென்டர்ல, ஊர் பேர் வேணாம், 9,000 ரூபா கட்டிச் சேந்தா. குடுத்தது என்னன்னா ஜெராக்ஸ்ல ஜெராக்ஸ் எடுத்த 40 பக்கம், ஓரம் கறுப்படிச்சு, மூலையில வேற ஏதோ சென்டரோட சீல் பாதி தெரியுது. அதுல 'வெல்'னா அட்வெர்ப்னு மட்டும் இருக்கு. கெணத்துக்கும் அதான வார்த்தைன்னு கேட்டதுக்கு "அதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா"ன்னு பதில் வந்துச்சாம். 'ஐ ஆம் வெல்'னா நல்லா இருக்கேன், அட்ஜெக்டிவ். 'வெல், லெட் அஸ் கோ'ன்னா இன்டர்ஜெக்ஷன். மாடல் பேப்பர் போடறவங்க இந்த மாதிரி மூணு நாலு வேலை செய்யற வார்த்தையாத்தான் தேடிப் புடிச்சு வைப்பாங்க, லிஸ்ட் மனப்பாடம் பண்ணினவங்கள வடிகட்டவே. 700 வார்த்தைய உருப் போட்டவங்களுக்குத்தான் இதுல மொத அடி. இன்னொரு கூட்டம் இருக்கு, "மேலிடத்துல ஆள் இருக்கு, மார்க்கை நாங்க பாத்துக்கறோம், அட்வான்ஸ் மட்டும் போடுங்க"ன்னு போன் பண்ணுவாங்க, இந்தத் தீர்ப்பு வந்ததுல இருந்து சர்வீஸ்ல இருக்கற டீச்சருங்க பயத்தை வச்சு அவங்களுக்கு அறுவடைதான். பேசவே பேசாதீங்க, நம்பரை பிளாக் பண்ணுங்க. பணம் போறதோட நிக்காது, வேலைக்கே உலை.

உங்க மேல எனக்குக் கோவம் இல்ல, இப்படி ஆக்கி விட்டவங்க மேலதான். 18 வருஷம் பாடம் நடத்தினவங்கள ரெண்டு வருஷத்துக்குள்ள பாஸ் பண்ணுன்னு சொல்றாங்க, ஸ்கூல் வேலை, கணக்கெடுப்பு, எமிஸ்ங்கற பள்ளித் தகவல் ஆன்லைன் என்ட்ரின்னு எல்லாத்தையும் தலையில வச்சுட்டு எப்ப படிக்கறதுன்னு யாரும் சொல்லல. 2012 ஜூலைல இங்க மொத டெட் நடந்தப்போ 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம்தான் குடுத்தாங்க, அத்தனை பேர் ஃபெயிலானப்புறம்தான் அக்டோபர் மறுதேர்வுல மூணு மணி நேரமாச்சு. அது வரைக்கும் கடிகாரம்னு ஒண்ணு இருக்கறது யாருக்கும் தெரியல போல.

உங்களுக்கு 150-ல இங்கிலீஷ் 30 கேள்வி, அதுலயும் இந்தச் சங்கதி கொஞ்சம்தான். இதுக்குன்னு தனியா காசு செலவு பண்ண வேண்டிய அவசியமே இல்ல. உங்க ஸ்கூல்லயே இருக்கற நாலாங் கிளாஸ், அஞ்சாங் கிளாஸ் இங்கிலீஷ் புத்தகத்த எடுங்க, தெனம் ஒரு பக்கம், 'டவுன்', 'அப்', 'லைக்', 'தட்', 'ஃபாஸ்ட்', 'ஸ்டில்' எங்கெங்க வருதுன்னு பென்சில்ல சுழிச்சு, பின்னாடி என்ன வருது, தமிழ்ல என்ன வால் ஒட்டும்னு ஓரத்துல எழுதுங்க. ஒரு மாசம் போதும்.

நெசப் பரீட்சையிலயே கீ தப்பா இருந்தா என்ன பண்றதுன்னு கடைசி வரியில கேட்டிருந்தீங்க. உத்தேச கீ வந்ததும் ஆட்சேபணை போட கொஞ்ச நாள்தான் குடுப்பாங்க, வந்த அன்னிக்கே பாத்துடுங்க. 'ஸ்கூல் பஸ்'ல வர்ற ஸ்கூல் மாதிரி கேள்வியிலதான் சண்டை வரும், பழைய இலக்கணத்துல அட்ஜெக்டிவ்ம்பாங்க, புதுசுல நவுன்தான்ம்பாங்க. பாடப்புத்தகமோ நல்ல அகராதியோ எடுத்து அந்தப் பக்கத்தையே ஆதாரமா வைங்க. கைடு, கோச்சிங் நோட்ஸ் எல்லாம் ஆதாரமா எடுத்துக்க மாட்டாங்க, அந்த 1,200 ரூபா லிஸ்ட்டையும் சேத்துத்தான்.