நாலு கட்டைப்பை பேட்டர்னை எங்கே, எப்படி வைப்பது?

கேள்வி: களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு எங்களுக்கு. வீட்டில் வைத்தே தைத்துக் கொடுக்கிறேன். வருஷக்கணக்கில் வெட்டிய ஜாக்கெட், சுடிதார், நைட்டி, குழந்தை ஃபிராக் பேட்டர்ன்கள் (துணி மேல் வைத்து வெட்டும் காகித அச்சுகள்) நாலு கட்டைப்பை நிறையச் சேர்ந்துவிட்டன. பாதி செய்தித்தாள், பாதி பிரவுன் பேப்பர். ஓணத்துக்கு ஆர்டர் குவியும்போது ஒன்றைத் தேடினால் இடுப்புப் பட்டி கிடைக்கிறது, கை கிடைப்பதில்லை. பொறுமையில்லாமல் புதிதாகவே வெட்டிவிடுகிறேன். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் பூஞ்சணம்; காகிதத்தை அரிக்கிற ராமபாணப் பூச்சி வேறு. தையலுக்கென்று தனி அறை கிடையாது, பீரோவில் ஒரு கீழ்த்தட்டுதான் தர முடியும். எப்படி அடுக்குவது? தோழி ஒருத்தி பேட்டர்ன் இரவல் கேட்கிறாள், கொடுக்கலாமா?
— ஒரு வாசகி

பதில்: பீரோத் தட்டைப் பற்றி அப்புறம் பார்க்கலாம். முதலில் நாலு பையையும் பாயில் கொட்டுங்கள். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி பேட்டர்னே இல்லை, ஒரே ஒரு தடவை ஒருவருக்காக வெட்டிய காகிதம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு செட் வைத்துக்கொண்டிருந்தால் எந்த பீரோவும் போதாது. அவர்களின் உடம்பும் அதே அளவில் நிற்பதில்லை.

வைத்துக்கொள்ள வேண்டியது அடிப்படை அளவுகள். ஜாக்கெட்டில் மார்பு 30 முதல் 44 வரை இரண்டிரண்டு அங்குலமாகப் போனால் எட்டு அளவு. அதிலும் உங்களிடம் அதிகம் வருகிற நாலைந்து அளவுக்குச் செய்தால் போதும். சாதா, கிராஸ் கட், கட்டோரி, பிரின்சஸ் கட் என்று நீங்கள் தைக்கிற மாடலுக்கு ஒவ்வொரு செட். வாடிக்கையாளருக்கு நோட்டில் ஒரு வரி: ‘36 கிராஸ், தோள் கால் அங்குலம் குறை, கை 9, பின் கழுத்து 8.’ பேட்டர்னைத் துணிமேல் வைத்து இந்த வித்தியாசத்தை தையல் சாக்பீஸால் போட்டுக்கொள்ளலாம். ஒரு தோள் இறங்கியவர், முதுகு வளைந்தவர் போன்றவர்களுக்கு மட்டும் தனி பேட்டர்ன் வைத்திருப்பது நியாயம். குழந்தை ஃபிராக்கில் ‘5 வயசு’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது உதவாது. மார்பும் நீளமும் எழுதுங்கள்.

செய்தித்தாளில் இருப்பவற்றை, தேவையானவை என்றால், பிரவுன் பேப்பருக்கு மாற்றிவிடுங்கள். செய்தித்தாள் சீக்கிரம் பழுத்து மடிப்பில் ஒடியும். அதைவிட, அச்சு மை துணியில் இறங்கும். பாலராமபுரம் செட்டுமுண்டுக்கு (கேரளப் பெண்களின் இரண்டு துண்டு வேட்டிச் சேலை) ஏற்ற வெள்ளை ஜாக்கெட்டை வேர்த்த கையோடு செய்தித்தாள் வைத்து வெட்டினால் கறுப்புத் தீற்றல் நிச்சயம். மாற்றும்போது பழைய தாளை நீராவி இல்லாமல், குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டு சுருக்கம் எடுத்துவிட்டு வரையுங்கள். சுருங்கிய தாளின் மேல் வரைந்தால் கைக்குழி வளைவு கோணிப்போகும். அடிப்படை அளவுகளை மட்டும் சார்ட் அட்டையில் எடுப்பது நல்லது. ஓரத்தைச் சுற்றி சாக் ஓட்ட வசதி.

அட்டை பேட்டர்னைத் துணியோடு சேர்த்துக் கத்தரி ஓட்டவே கூடாது. ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் மயிரிழை சீவிக்கொண்டு போகும், முதலில் அடிபடுவது கைக்குழிதான். ‘முன்னெல்லாம் சரியாக இருந்தது, இப்போது கை பிடிக்கிறது’ என்ற புகார் வந்தால் பேட்டர்ன் ஓரத்தை அளந்து பாருங்கள். அளக்கிற டேப்பையும் சந்தேகப்படுங்கள். துணி டேப் நாள்பட்டால் நீளும். ஸ்டீல் ஸ்கேலோடு வைத்து ஒத்துப் பார்த்துவிட்டு அளப்பது உத்தமம்.

இனி எழுதும் வேலை. கவரின் மேல் மட்டும் எழுதினால் போதாது, ஒவ்வொரு துண்டிலும் எழுத வேண்டும். கட்டோரி ஜாக்கெட் என்றால் கப், முன் நடு, பக்கம், பட்டி, பின், கை என்று ஆறு துண்டாவது வரும். பட்டிதான் எப்போதும் வழிதவறிப் போகும். துண்டின் நடுவில், வெட்டும்போது கை படாத இடத்தில் இவ்வளவும் இருக்கட்டும்: பேட்டர்ன் எண், மாடல், அளவு, எந்தத் துண்டு, மொத்தத்தில் எத்தனையாவது (‘6-இல் 4’), துணியில் எத்தனை வெட்ட வேண்டும், மடிப்பில் வைக்கவேண்டிய ஓரம் எது, நேர்நூல் (துணியின் நீளவாட்டு இழை) போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி. ஸ்கெட்ச் பேனாவும் ஜெல் பேனாவும் ஈரத்தில் பரவும். பென்சில் பரவாது.

இவற்றைவிட முக்கியமானது, பெரும்பாலோர் விட்டுவிடுவது: ‘தையல் சேர்த்து’ என்றோ ‘தையல் இல்லாமல்’ என்றோ எழுதுவது. ஆறு மாதம் கழித்து எடுக்கும்போது இது நினைவில் இருக்காது. பக்கத்தையலுக்கு ஓர் அங்குலம் ஏற்கெனவே விட்டிருக்கிற பேட்டர்னுக்கு இன்னோர் அங்குலம் விட்டீர்கள் என்றால், இரண்டு பக்கத்துக்கும் நாலு ஓரம், மொத்தத்தில் நாலு அங்குலம் கூடும். அதைப் பிடித்துச் சரிசெய்யலாம். தையல் விடாத பேட்டர்னை ‘சேர்த்தது’ என்று நினைத்து வெட்டினால் துணி போனது போனதுதான்.

எண் கொடுப்பதில் கெட்டிக்காரத்தனம் வேண்டாம். ஜாக்கெட்டுக்கு ‘ஜா’, சுடிதாருக்கு ‘சு’, நைட்டிக்கு ‘நை’, ஃபிராக்குக்கு ‘ஃபி’, பின்னால் 1, 2, 3. ஒரு நோட்டில் எண், மாடல், அளவு, துண்டுகள் எத்தனை, எங்கே இருக்கிறது என்று வரிசையாக எழுதிவிடுங்கள். முன்பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து எண்ணையும் சேர்த்து வைத்தால், வாடிக்கையாளரிடம் மாடல் காட்டவும் ஆகும்.

அடுக்க இரண்டு வழி போதும். பிரவுன் பேப்பர் துண்டுகளை மடித்து 10×12 அங்குலக் கவரில் போட்டு, புத்தகம் போல நிமிர்த்தி அட்டைப்பெட்டியில் வையுங்கள். படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பதை எடுக்க எல்லாம் கலையும், மறுபடி கட்டைப்பைதான். மடிப்பு கைக்குழியிலும் கழுத்திலும் விழாமல் நேரான பகுதியில் விழட்டும். பட்டி, ஹூக் பட்டி, கழுத்துப் பீஸ் போன்ற பொடித் துண்டுகளைக் கவருக்குள்ளேயே இன்னொரு சின்னக் கவரில் போடுங்கள். அட்டை பேட்டர்னை மடிக்க முடியாது. ஒவ்வொரு துண்டிலும் தோளிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் கீழே ஓட்டை போட்டு, செட்டாகப் பருத்திக் கயிற்றில் கோத்து ஹேங்கரில் மாட்டுங்கள். ஓரத்தை ஒட்டிப் போட்ட ஓட்டை கிழியும். கதவின் பின்புறத்து ஆணி போதும், அறை வேண்டாம். சுருட்டி வைப்பது நமக்குச் சரிப்படாது: விரித்த பிறகு நாலு மூலைக்கும் கல் வைக்க வேண்டியிருக்கும்.

கவருக்குள் குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்ட் மூன்றும் கூடாது. பின் துருப்பிடித்துப் பழுப்புக் கறையாகும். அது துணிக்கும் தாவும். ரப்பர் இளகி ஒட்டிக்கொள்ளும். செல்லோடேப் மஞ்சளாகிப் பசை கசியும். கிழிசலுக்குக் காகித டேப் ஒட்டுங்கள். மைதாப் பசை மட்டும் வேண்டவே வேண்டாம், ராமபாணப் பூச்சிக்கு மாவும் பசையும்தான் விருந்து.

உங்கள் பக்கத்தில் இடவப்பாதி ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. அதனால் பீரோக் கீழ்த்தட்டு என்பதே எங்களுக்குப் பிடிக்கவில்லை. முடிந்தால் துணியைக் கீழே இறக்கிப் பேட்டர்னை நடுத்தட்டுக்கு ஏற்றுங்கள். முடியாதென்றால் பீரோவைக் கல் வைத்து உயர்த்தி, மழைச்சாரல் அடிக்கிற சுவரிலிருந்து நாலு விரற்கடையாவது தள்ளி நிறுத்துங்கள். மரத் தட்டு சுவரைத் தொட்டால் சிதல் (கறையான்) ஏறும். ஓட்டுக்கு அடியில் பரணில் வைத்தால் எலி கொறிக்கும்.

மழைக்காலத்தில் பேட்டர்னை பிளாஸ்டிக் கவரில் கட்டி வைப்பது தவறான பாதுகாப்பு. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே பூஞ்சணம் பூக்கும். காகிதக் கவரே மேல். காற்று புகாத டப்பா என்றால், நல்ல வெயில் நாளில் பேப்பரை நிழலில் விரித்துக் காயவைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடலாம். நேர்வெயிலில் காயப்போட்டால் பிரவுன் பேப்பர் வெளிறி மொறுமொறுத்துவிடும். செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்துவைத்த சின்னப் பொட்டலங்கள் பெரும்பாலும் ஈரத்தைக் குடித்து முடித்தவை, அவற்றை நம்பவேண்டாம்.

பூச்சிக்கு வசம்புத் துண்டு, அல்லது முழுக்கக் காய்ந்த வேப்பிலை. ஈர வேப்பிலை போட்டால் அதுவே பூஞ்சணம் பிடிக்கும். அந்துருண்டையைக் குழந்தைத் துணி தைக்கிற வீட்டில் தவிர்த்துவிடுங்கள். ஜி6பிடி என்ற பிறவி என்சைம் குறைபாடுள்ள சிசுக்களுக்கு, அந்துருண்டையிலுள்ள நாஃப்தலீன் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையலாம். ஏற்கெனவே பூச்சி இருக்கிற பேட்டர்ன் காகிதக் கட்டை, ஜிப் கவரில் போட்டு மூடி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் கவரைத் திறக்காமல் அறைச்சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லையேல் பேப்பரில் நீர் கோக்கும். பூஞ்சணம் படர்ந்ததை மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு முற்றத்தில் வைத்துப் புதுப் பேப்பருக்கு வரைந்து எடுத்துவிட்டு, பழையதை எரித்துவிடுங்கள்.

தோழிக்கு மூலப் பேட்டர்னைக் கொடுக்காதீர்கள். பேப்பரைக் கொண்டுவரச் சொல்லி, உங்கள் மேசையில் வைத்தே வரைந்துகொண்டு போகச் சொல்லுங்கள். தவிர்க்க முடியாமல் கொடுத்தால், நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே பெயரையும் துண்டுகளின் எண்ணிக்கையையும் எழுதி, திரும்பி வந்ததும் அவர் எதிரிலேயே எண்ணி வாங்குங்கள். பட்டி ஒன்று குறையும்.