படைப்பணிக்குப் பின் நிதித்துறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இராணுவத்தில் 17 ஆண்டுகள் பணியாற்றி, ஹவில்தார் கிளார்க்காக இன்னும் சில மாதங்களில் ஓய்வு பெறுகிறேன். வயது 37. பணியில் இருந்தபடியே தொலைநிலைக் கல்வியில் பி.காம். முடித்தேன். யூனிட் கேன்டீன் கணக்குகளைப் பார்த்துவந்த கிளார்க் பணி வெளியே ஒரு தகுதியாகுமா என்ற தயக்கமும் இருக்கிறது. தனியார் காப்பீட்டு நிறுவனம் ஒன்று எனக்கு மேலாளர் பதவி தருவதாகச் சொல்கிறது. உடன் பணியாற்றிய நண்பர்கள் வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார்கள். மைத்துனரோ, ஓய்வின்போது வரும் பணத்தில் எம்.பி.ஏ. படியுங்கள் என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், ஆவடி, சென்னை

பதில்: வங்கி எழுத்தர் தேர்வுக்கு இன்றிலிருந்தே தயாராகுங்கள். மற்ற இரண்டும் இந்த ஆண்டுக்கு வேண்டாம்.

பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் நிலைப் பணியிடங்களில் 14.5 சதவீதம் முன்னாள் படைவீரர் பிரிவுக்கு உரியது. இதில் 4.5 சதவீதம், பணியின்போது மாற்றுத்திறனாளியான வீரர்களுக்கும் உயிர்நீத்தோரின் குடும்பத்தினருக்கும் உரிய பங்கு. வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எழுத்தர் பணிக்கான பொது உச்ச வயது 28. அதனுடன் தங்கள் சேவைக்காலமான 17 ஆண்டுகளையும் கூடுதலாக 3 ஆண்டுகளையும் சேர்த்தால், 50 என்ற மேல்வரம்புக்கு உட்பட்டு, 48 வயது வரை தாங்கள் விண்ணப்பிக்கலாம். அதிகாரி நிலைத் தேர்வில் கணக்கு வேறு. அங்கே பொது உச்ச வயது 30, படைவீரர் சலுகை 5 ஆண்டுகள் மட்டுமே, இடஒதுக்கீடும் கிடையாது. பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினர் ஆகியோருக்கான வயதுச் சலுகை தங்களுக்குப் பொருந்தினால் ஒழிய, அந்த வாய்ப்பு ஏற்கெனவே கடந்துவிட்டது.

விண்ணப்பிக்க ஓய்வு நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தின் கடைசி நாளிலிருந்து ஓராண்டுக்குள் பணிக்காலம் முடிகிறவர்கள், யூனிட்டிலிருந்து அதற்கான சான்றிதழ் பெற்று, பணியில் இருக்கும்போதே இப்பிரிவில் விண்ணப்பிக்கலாம். இந்தச் சான்றிதழை யூனிட் அலுவலகத்தில் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்; கடைசி வாரத்தில் கேட்டு, கையொப்பமிட வேண்டிய அதிகாரி விடுப்பில் இருக்கிறார் என்ற பதிலோடு திரும்பியவர்கள் பலர்.

வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐ.பி.பி.எஸ். நடத்தும் இத்தேர்வின் முதல்நிலையில் ஆங்கிலம் 30, எண்கணிதம் 35, பகுத்தறியும் திறன் 35 என்று 100 வினாக்கள். ஒவ்வொரு பகுதிக்கும் 20 நிமிடமே. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். ஆங்கிலப் பகுதி தவிர மற்றவற்றைத் தமிழிலேயே எழுதலாம். நேர்முகத் தேர்வும் இல்லை. வினாக்கள் கடினமானவை அல்ல. இருபத்திரண்டு வயது இளைஞரின் வேகத்தில் விடையளிக்க வேண்டியிருப்பதே தங்களுக்குச் சவால். ஆகவே பாடநூலை முழுவதும் படித்துவிட்டுப் பிறகு பயிற்சித் தேர்வு எழுதலாம் என்று ஒத்திப்போடாமல், முதல் வாரத்திலிருந்தே கடிகாரத்தை முன்வைத்துக்கொண்டு எழுதிப் பழகுங்கள்.

கிளார்க் பணி பெரிய தகுதியா என்ற தயக்கம் தங்கள் கடிதத்தில் தெரிகிறது. அது பெரிய தகுதிதான். யூனிட் கேன்டீனில் மாதந்தோறும் சரக்கை எண்ணி, லெட்ஜரோடு ஒப்பிட்டு, குறைந்ததற்கும் மிகுந்ததற்கும் விளக்கம் எழுதி, தணிக்கையாளர் வந்து கேட்கும்போது ஒவ்வொரு ரசீதையும் எடுத்துக் காட்டியவர்தானே தாங்கள்? நாள் முடிவில் ரொக்கத்தைச் சரிபார்த்து, ஒரு ரூபாய் இடித்தாலும் காரணம் தேடிவிட்டு எழுந்திருக்கும் வங்கி ஊழியரின் ஒழுங்கும் இதுதான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வாகனக் கடன் தரும் நிறுவனங்களுக்கும், மியூச்சுவல் ஃபண்ட் கணக்குகளைப் பராமரிக்கும் நிறுவனங்களுக்கும் விண்ணப்பிக்கும்போது, ‘ஹவில்தார் கிளார்க், 17 ஆண்டுகள்’ என்று ஒரு வரியோடு நிறுத்திவிடாதீர்கள். அதைப் படிக்கும் மனிதவள அலுவலருக்கு எதுவும் விளங்காது. ‘யூனிட் கேன்டீனின் கொள்முதல், கையிருப்பு, ரொக்கக் கணக்குகளைப் பராமரித்தேன், ஆண்டுத் தணிக்கையின் ஆட்சேபங்களுக்குப் பதில் தயாரித்தேன்’ என்று, உண்மையில் செய்த வேலையைச் செய்தபடியே எழுதுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்தின் மேலாளர் பதவிக்கு வருகிறேன். ஓய்வுபெறும் வீரர் ஒருவரிடம் பணிக்கொடையும், ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை ஒப்படைத்துப் பெறும் தொகையும், குழுக் காப்பீட்டு முதிர்வுத் தொகையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து சேரும். அவரோடு சேர்ந்து ஓய்வு பெறும் தோழர்களிடமும் அவ்வாறே. தங்களுக்குத் தரப்படும் பதவி உண்மையில் அந்தத் தோழர்களின் வீட்டு வாசலுக்கு வழிகாட்டும் வேலையாக இருக்கலாம் என்பதால், கையொப்பமிடும் முன் மூன்றைக் கேளுங்கள்: இலக்கை எட்டாத மாதத்தில் சம்பளம் உண்டா? முதல் வாடிக்கையாளர் பட்டியலை யார் தருவார்? நான் ஏதேனும் முதலீடோ வைப்புத்தொகையோ செலுத்த வேண்டுமா? மூன்றாவதற்கு ஆம் என்று பதில் வந்தால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். மாதம் அசாதாரண வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய நிறுவனங்களால் இந்த மாநிலத்தில் எத்தனையோ குடும்பங்கள் வாழ்நாள் சேமிப்பை இழந்து பொருளாதாரக் குற்றப்பிரிவின் முன் வரிசையில் நின்றதைப் பார்த்திருக்கிறோம். தங்கள் பெயரின் மீதுள்ள நம்பிக்கையால் ஒரு தோழர் அந்த வரிசையில் நிற்க நேரிடக்கூடாது.

கடன் வசூல் வேலைக்கும் முன்னாள் வீரர்களைத் தேடி அழைக்கிறார்கள். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடனாளியைத் தொலைபேசியில் அழைக்கக்கூடாது, மிரட்டக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தங்கள் தோற்றத்தையும் குரலையும் மட்டுமே வேண்டுகிற வேலை தங்களுக்கு எதையும் கற்றுத்தராது.

விற்பனையில் உண்மையாகவே விருப்பம் இருந்தால் நேரிய வழி ஒன்று உண்டு. பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி நிறுவிய என்.ஐ.எஸ்.எம். என்ற கல்வி நிறுவனம் நடத்தும் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் தேர்வில் 50 சதவீதம் பெற்று, மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் பதிவு எண் வாங்கினால் போதும். சான்றிதழ் மூன்றாண்டுகள் செல்லும். தேர்வில் தேறாவிட்டாலும் இதற்காகப் படித்தவை தங்கள் சொந்தப் பணத்தைக் காக்க உதவும். வங்கிச் சம்பளம் வாங்குவதால் ஓய்வூதியம் நின்றுவிடாது என்பதால், வீட்டுச் செலவுக்கு அது இருக்கும் இந்த ஓரிரு ஆண்டுகளைக் கற்பதற்குச் செலவிடுங்கள்; மொத்தத் தொகையை எம்.பி.ஏ. கட்டணத்தில் கரைக்க வேண்டாம்.

கேள்வி: பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயின்று, குறுகிய கால ஆணையில் (ஷார்ட் சர்வீஸ் கமிஷன்) மேஜராக இருக்கிறேன். பத்தாண்டுகள் முடிந்து விடுபடுகிறேன், ஓய்வூதியம் இல்லை. பொறியியல் பட்டதாரியான நான் சி.ஏ. படிக்கலாமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: சி.ஏ. உயர்ந்த படிப்பு என்பதில் ஐயமில்லை. பட்டதாரிகள் நேரடியாக இடைநிலையில் சேரலாம். வணிகவியல் அல்லாத பட்டத்துக்கு 60 சதவீத மதிப்பெண் தேவை. ஆனால் ஆர்ட்டிகிள்ஷிப் எனப்படும் இரண்டாண்டு செயல்முறைப் பயிற்சிக் காலத்தில் கிடைக்கும் உதவித்தொகை மிகச் சிறியது. ஓய்வூதியம் இல்லாத தங்களுக்கு, தேர்ச்சி எப்போது வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத அந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

படைப்பணியை விட்டு வருவோரின் மறுவாழ்வுக்கு உதவும் பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுகுடியமர்வு இயக்ககம் (டி.ஜி.ஆர்.) அதிகாரிகளுக்காக, ஐ.ஐ.எம்.கள் சிலவற்றில் நடத்தும் 24 வார மேலாண்மைப் படிப்பில், விடுபடுவதற்கு முன்பே சேர முயலுங்கள். கட்டணத்தின் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. தரமணியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் பன்னாட்டு வங்கிகளின் செயல்பாட்டு மையங்கள் இருக்கின்றன. அங்கே பணமோசடித் தடுப்பு, செயல்பாட்டு இடர் மேலாண்மை ஆகிய பிரிவுகளில், முழுமையற்ற தகவலை வைத்துக்கொண்டு முடிவெடுத்து, அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்யத் தெரிந்தவர்களுக்கு மதிப்பு உண்டு. தாங்கள் பத்தாண்டுகளாகச் செய்தது அதுவே.

கேள்வி: முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்துவிட்டேன். வங்கித் தேர்விலும் அதே ஒதுக்கீட்டைக் கேட்கலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: பொதுவாக, ஒதுக்கீட்டின் பயனைப் பெற்று முறையான அரசுப் பணியில் சேர்ந்தவுடன் அந்த உரிமை முடிந்துவிடும். ஆனால் இப்பணியில் சேரும் முன்பே வங்கிக்கும் விண்ணப்பித்திருந்து, எந்தெந்தப் பணிகளுக்கு எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள் என்பதைப் பணியில் சேர்ந்தவுடன் அலுவலகத்தில் எழுத்துமூலம் அறிவித்திருந்தால், அந்த விண்ணப்பங்களுக்கு உரிமை தொடரும் என்று 2014ஆம் ஆண்டின் மத்திய பணியாளர் துறை ஆணை சொல்கிறது. அப்படி அறிவித்திருந்தால் அதன் நகலையும், அலுவலகம் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் பத்திரமாக வைத்திருங்கள். வங்கி சான்றிதழ் சரிபார்ப்பின்போது அவற்றைக் கேட்கும்.