பேட்டர்ன் தாள் எங்கே போச்சு? – மரவேலை கேள்வி பதில்

கேள்வி: பல வருடங்களாக மரவேலைப் பத்திரிகைகள் வாங்குகிறேன் ஐயா. சில இதழ்களில் பேட்டர்ன், அதாவது வெட்ட வேண்டிய துண்டின் வடிவப்படம், பக்கத்திலேயே சின்னதாக இருக்கும். சிலவற்றில் நடுவில் மடித்து வைத்த பெரிய தாளாக வரும். ஒன்று வேண்டுமென்று தேட ஆரம்பித்தால் சாயங்காலம் முழுக்கப் போய்விடுகிறது. வேண்டிய பக்கங்களை மட்டும் கிழித்து ஃபைலில் போட்டுவிட்டு, மிச்சத்தைக் கழித்துவிடலாமா?

பதில்: கிழிக்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் நாற்காலிக் கால் இருக்கும். அதன் பின்பக்கம் வேறொரு கட்டுரையின் அளவுப் பட்டியல் இருக்கும். இன்றைக்கு வேண்டாத அந்தப் பட்டியல்தான் இரண்டு வருடம் கழித்து வேண்டியிருக்கும். எந்த இதழ், எந்த மாதம் என்ற விவரம் வேறு பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். கத்தரிக்கோல் முதலில் அதைத்தான் வெட்டும். மாதம் தெரியாவிட்டால் திருத்தம் தேட வழியே இல்லை. 'சென்ற இதழில் இந்த அளவு தவறாக வந்துவிட்டது' என்று பின்னால் வரும் ஏதோ ஓர் இதழில், ஆசிரியர் கடிதங்களுக்குக் கீழே நாலு வரி போடுவார்கள். அதைப் பார்த்த அன்றைக்கே பழைய பேட்டர்னை எடுத்து, தப்பான அளவுக்குப் பக்கத்தில் பென்சிலால் சரியானதை எழுதிவிடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது கோடு போட்ட ஒரு தடித்த நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு பேட்டர்னுக்கும் ஓர் எண் கொடுங்கள். 1, 2, 3 என்று கையில் கிடைக்கும் வரிசையிலேயே போகட்டும். நாற்காலியையும் பொம்மையையும் பிரித்து அடுக்குகிறேன் என்று இறங்காதீர்கள். அடுக்குவது எண்படி, தேடுவது நோட்டுப்படி. புதிதாக வருவது எப்போதும் கடைசியில் சேரும். நடுவில் இடம் விடவும் வேண்டாம், ஒரு பெட்டி நிரம்பியதும் எல்லாவற்றையும் தள்ளி வைக்கவும் வேண்டாம்.

நோட்டில்தான் தலைப்பு. இருக்கை, மேசை, பெட்டி, பொம்மை, சுவர் அலமாரி, ரம்ப நகாசு (மெல்லிய ரம்பத்தால் வெட்டும் பூவேலை), கருவிக்கான ஜிக் (வெட்டும்போது துண்டையோ கருவியையோ சரியான இடத்தில் பிடிக்கும் துணைச் சட்டம்) என்று எட்டுப் பத்துத் தலைப்பு போதும். 'பலவகை' என்று ஒரு தலைப்பு மட்டும் வைக்காதீர்கள், ஒரே வருடத்தில் மற்ற எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும். மூடி போட்ட பெஞ்சு இருக்கையா, பெட்டியா என்று குழப்பமா? இரண்டு தலைப்பிலும் அதே எண்ணை எழுதுங்கள். தாள் ஓரிடத்தில்தான் இருக்க முடியும், எண் எத்தனை இடத்திலும் இருக்கலாம்.

என் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கிறது: '112. ஆடும் குதிரை. மார்ச் இதழ், பக். 42, தலை மட்டும் தனித்தாள். பாதி அளவு. பலகை 19 மி.மீ., வளைகால் 25. மே இதழில் திருத்தம்: சேணத்துளை 10 அல்ல, 12. காது மெலிசு, உடையும்.' கடைசி மூன்று வார்த்தையைப் பத்திரிகை சொல்லவில்லை, செய்து பார்த்தபின் நான் சேர்த்தது. நோட்டில் இந்த மாதிரி வரிகளுக்குத்தான் மதிப்பு அதிகம்.

பழைய இதழ்கள் நிறைய இருந்து, எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பட்டியல் போட மலைப்பாக இருந்தால், வருடக் கடைசி இதழைப் பாருங்கள். பல பத்திரிகைகள் அந்த வருடத்தின் கட்டுரை அட்டவணையை அதில் தருவது உண்டு. அதை நகலெடுத்து நோட்டில் ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு அவசரம் இல்லை. எந்த இதழைக் கையில் எடுக்கிறீர்களோ, திரும்ப வைக்கும் முன் அதற்குப் பதிவு போடுங்கள்.

கேள்வி: என் கணவரின் மரவேலைப் பத்திரிகைகள் கட்டிலுக்கு அடியிலிருந்து கூடத்துக்கு வந்துவிட்டன. எதைத் தூக்கிப் போடலாம் என்று நீங்களே ஒரு வார்த்தை எழுதினால் அவர் கேட்பார்.

பதில்: அம்மா, பேட்டர்னே இல்லாமல் கருவி மதிப்புரையும் விளம்பரமுமாக வந்த இதழ்களைத் தாராளமாகக் கழிக்கலாம். பத்து வருடத்துக்கு முந்தைய துளைபோடும் இயந்திர ஒப்பீடு இனி யாருக்கும் உதவாது. ஆனால் அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துச் செய்யாதீர்கள். அவரையே உட்காரவைத்து, மேலே சொன்ன நோட்டைக் கையில் கொடுங்கள். பதிவு போடத் தகுதியில்லாத இதழ் எது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: பெரிய மடிப்புத் தாள்கள் மடிப்பிலேயே கிழிகின்றன. செலோடேப் ஒட்டினேன். இப்போது டேப் பழுப்பாகி உதிர்கிறது, அதன் கறை கோட்டின் மேலேயே இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் கிழிவது இரண்டு மடிப்பு குறுக்கே சந்திக்கும் இடம். அங்கே காகிதம் இரண்டு பக்கமும் முறிகிறது. மலிவுக் காகிதத்தில் லிக்னின் என்ற, மரநாரை ஒட்டிப் பிடிக்கும் பொருள் அப்படியே தங்கியிருக்கும். வெளிச்சமும் சூடும் பட்டால் மஞ்சளாகி நொறுங்கும் தன்மை அதற்கு உண்டு. செலோடேப்பின் பசை காலப்போக்கில் காகிதத்துக்குள் இறங்கி எண்ணெய்க் கறைபோல் ஆகிவிடும். இறங்கியதை வெளியே எடுக்க வீட்டு வைத்தியம் எதுவும் இல்லை. கோடு இன்னும் கண்ணுக்குத் தெரிகிறதென்றால் இன்றைக்கே ஒரு நகல் எடுங்கள். இனி கிழிசலுக்குப் பின்பக்கம் மெல்லிய காகிதப் பட்டை, மெதில் செல்லுலோஸ் பசை. அது போதும்.

மடிக்காமல் வைப்பதே நல்லது. இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவே தட்டையாகக் கிடத்திக் கட்டிலுக்கு அடியில் தள்ளலாம். (முந்தைய கேள்வி கேட்ட அம்மா மன்னிக்கவும்.) இடம் இல்லையென்றால் சுருட்டுங்கள். ஆனால் குழாய்க்குள் திணிக்காதீர்கள். 10 செ.மீ.க்குக் குறையாத விட்டமுள்ள அட்டைக் குழாயின் மேல் சுற்றி, வெளியே இன்னொரு காகிதத்தால் மூடி, பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம், அது இளகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரும்பு கிளிப் துருவை விட்டுப் போகும். எண்ணைத் தாளின் வலது கீழ் மூலையில் எழுதுங்கள். சுருட்டிய பிறகு மேலே சுற்றிய காகிதத்திலும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒன்றைத் தேட ஒன்பதைப் பிரிக்க வேண்டிவரும்.

கேள்வி: பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்த நகல்களின் கோடுகள் உறையிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. காகிதம் வெறுமையாக இருக்கிறது!

பதில்: அது பி.வி.சி. உறை. அதை வளையும்படி வைத்திருக்கச் சேர்க்கும் இளக்கி மெதுவாகக் கசிந்து, நகல் இயந்திரத்தின் டோனரை (மைத்தூளை) இளக வைக்கும். முகர்ந்தால் மழைக்கோட்டு வாசம் வருகிற, தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கிற உறை எதுவானாலும் தவிர்த்துவிடுங்கள். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். சாதாரணக் காகித உறையும் ஒன்றும் மோசமில்லை.

கேள்வி: 'பாதி அளவு, 200% பெரிதாக்கவும்' என்று இருந்த பேட்டர்னை அப்படியே பெரிதாக்கினேன். வெட்டிய துண்டுகள் ஒன்றோடொன்று நன்றாகவே பொருந்தின. ஆனால் கடையில் வாங்கிய கீலும் உருளைக் குச்சியும் மட்டும் பொருந்தவில்லை. எப்படி?

பதில்: இயந்திரம் 200 என்று காட்டுவது சரியாக 200 ஆக இருக்க வேண்டுமென்பதில்லை. எல்லாத் துண்டும் ஒரே விகிதத்தில் சுருங்கியதால் தங்களுக்குள் பொருந்திக்கொண்டன. கடைக் கீலுக்கு உங்கள் நகல் இயந்திரத்தைப் பற்றி என்ன தெரியும்?

நகலுக்குக் கொடுக்கும் முன் பேட்டர்னின் ஓரத்தில் இரண்டு கோடு போடுங்கள்: கிடையாக ஒன்று, நெடுக ஒன்று. முழு அளவுப் பேட்டர்ன் என்றால் ஒவ்வொன்றும் 100 மி.மீ., பாதி அளவு என்றால் 50. நகல் வந்ததும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 100 இருக்க வேண்டிய இடத்தில் 98.5 இருந்தால், 600 மி.மீ. நீளப் பலகையில் 9 மி.மீ. போய்விட்டது. அப்போது 100-ஐ 98.5-ஆல் வகுத்தால் 1.015, அந்த நகலையே 101.5% வைத்து எடுக்காமல், மூலத்தை 203% வைத்து எடுங்கள். நகலின் நகல் எடுத்தால் கோடு தடிக்கும், பிசகும் சேரும். சில இயந்திரங்கள் ஒரு திசையில் மட்டும் இழுக்கும். அதனால்தான் இரண்டு கோடு.

இன்னொன்று. 200% என்பது நீளத்துக்கு. பரப்பு நான்கு மடங்காகும். ஏ4 பக்கத்தை 200% பெரிதாக்கினால் ஏ2 தாள் வேண்டும். ஏ4-இலிருந்து ஏ3-க்குப் போவது 141% மட்டுமே. இதழை விரித்துக் கண்ணாடியில் கவிழ்க்கும்போது நடுமுதுகை ஒட்டிய பகுதி மேலே தூக்கி நிற்கும், அங்கே உள்ள வளைவு நெளிந்துதான் வரும். அந்த இடத்தைக் கட்டம் போட்டுக் கையால் வரைந்துகொள்வது நல்லது.

கேள்வி: எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துவிட்டால் காகிதமே வேண்டாமே?

பதில்: நோட்டுக்குத் துணையாகப் பிடித்து வையுங்கள், எந்தப் பேட்டர்ன் என்று அடையாளம் காண உதவும். வெட்டுவதற்கு அந்தப் படத்தை நம்பாதீர்கள். கை கொஞ்சம் சாய்ந்தாலும் சதுரம் சரிவகமாகிவிடும். வெட்டும் பேட்டர்னைத் தட்டை ஸ்கேனரில் 300 டி.பி.ஐ.யில் எடுத்துப் பி.டி.எஃப். ஆக்கி, கோப்புப் பெயரை அதே எண்ணில் தொடங்குங்கள்: '112-குதிரை-தலை'. அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை அணைத்துவிட்டு 100% வையுங்கள். கணினிக்கு வெளியே இன்னொரு பிரதி இருக்கட்டும்.

கேள்வி: பேட்டர்னை நேராக மரத்தில் ஒட்டி வெட்டுவதா, ஹார்ட்போர்டில் டெம்ப்ளேட் (திரும்பத் திரும்ப வரைய உதவும் கெட்டி அச்சு) செய்துகொள்வதா? டெம்ப்ளேட்டுகள் குவிந்தால் எப்படி வைப்பது?

பதில்: ஒருமுறை செய்யும் ரம்ப நகாசுக்கு ஒட்டுவதே போதும். ஒட்டுவது நகலை மட்டும். மூலத் தாள் பட்டறைக்குள்ளேயே வரக்கூடாது என்பது என் கட்சி. முதலில் மரத்தில் மாஸ்க்கிங் டேப், அதன்மேல் பசைக்குச்சி, அதன்மேல் நகல். வெட்டி முடித்தபின் டேப்பைப் பிடித்து உரித்தால் மரம் சுத்தமாக இருக்கும்.

நாற்காலிக் கால் மாதிரி நாலு வேண்டும், அடுத்த வருடம் இன்னும் நாலு வேண்டும் என்றால் டெம்ப்ளேட்தான். கோடு போட்டு வெட்ட 3 மி.மீ. ஹார்ட்போர்டு போதும். ரௌட்டரை (பிட் என்ற சுழலும் வெட்டுமுனையால் செதுக்கும் இயந்திரம்) ஓட்டுவதாக இருந்தால் 6 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உள்ள உருவத்துக்குப் பாதி டெம்ப்ளேட் மட்டும் செய்து, நடுக்கோட்டில் வைத்துத் திருப்பிப் போட்டு வரையுங்கள். முழுசாக வரைந்தால் இரண்டு தோளும் ஒன்றாக இருக்காது.

டெம்ப்ளேட் மேலேயே எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. எண், உறுப்பின் பெயர், எத்தனை துண்டு, மரத்தின் கனம். முக்கியமாக, மரத்தின் ரேகை ஓடும் திசைக்கு ஓர் அம்புக்குறி. அம்புக்குறி இல்லாத கால் டெம்ப்ளேட்டைப் பலகையில் எப்படித் திருப்பினாலும் இடம் மிச்சமாவதுபோல் தோன்றும். குறுக்கு ரேகையில் வெட்டிய கால் உட்கார்ந்ததும் முறியும். கைட் புஷ் (பிட்டைச் சுற்றி இருந்து டெம்ப்ளேட்டின் ஓரத்தில் உரசி ஓடும் வளையம்) போட்டு ரௌட்டர் ஓட்டுவதற்கான டெம்ப்ளேட் என்றால் அதன் அளவு துண்டின் அளவாக இருக்காது. புஷ்ஷின் வெளிவிட்டத்தில் பிட்டின் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுத்த அளவு தள்ளியிருக்கும். 17 மி.மீ. புஷ், 12 மி.மீ. பிட் என்றால் 2.5 மி.மீ. அதையும் 'புஷ் 17, பிட் 12' என்று மேலேயே எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் அடுத்த வருடம் அது வெறும் பலகைத் துண்டு.

ஒரு பொருளின் எல்லா டெம்ப்ளேட்டிலும் ஒரே இடத்தில் துளையிட்டு, ஒரே கம்பியில் கோத்து ஆணியில் மாட்டுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும்.

கேள்வி: அமெரிக்க இதழ் ஒன்றில் '1×4 பலகை' என்று போட்டிருந்தது. 1 அங்குலம், 4 அங்குலம் என்று இழைத்தேன். பெட்டி மூடவே இல்லை.

பதில்: அங்கே 1×4 என்பது இழைப்பதற்கு முன், அறுத்தபோது இருந்த அளவின் பெயர். இழைத்துக் கடைக்கு வரும் பலகை முக்கால் அங்குலக் கனம், மூன்றரை அங்குல அகலம். அதாவது 19, 89 மி.மீ. 2×4 என்பதும் ஒன்றரைக்கு மூன்றரைதான். அந்த இதழ்ப் பேட்டர்ன்களை நோட்டில் பதியும்போதே மி.மீ.யில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதழ்களில் வெள்ளிப் பூச்சி. நாஃப்தலீன் உருண்டை போடலாமா?

பதில்: வேண்டாம், அந்த நெடி காகிதத்தை விட்டுப் போகாது, நமக்கும் ஆகாது. பூச்சி வருவது ஈரத்துக்கும் மாவுப் பசைக்கும். தரையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் தள்ளி, காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். ஏற்கெனவே பூச்சி ஏறிய இதழ்களைக் காற்றுப் புகாத பையில் கட்டி உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்தவுடன் பிரிக்காமல், பை அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். இல்லாவிட்டால் காகிதத்தில் நீர் கோக்கும்.

கேள்வி: நண்பர்கள் பேட்டர்ன் கேட்கிறார்கள். கொடுத்தால் திரும்பி வருவதில்லை.

பதில்: இதழாகவே கொடுங்கள், நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே பெயரும் தேதியும் எழுதுங்கள், எழுதுவதை அவர் பார்க்கும்படி எழுதுங்கள். தனித்தாளை மட்டும் கொடுக்காதீர்கள். அவரை வீட்டுக்கு அழைத்து, டிரேசிங் தாளில் அவரே வரைந்துகொள்ளட்டும் என்று பென்சிலை நீட்டுங்கள். நகல் போட்டு விற்கலாமா என்று யாராவது கேட்டால், கூடாது. பேட்டர்ன் வரைந்தவருக்கு அதில் உரிமை இருக்கிறது.