பத்தாம் வகுப்புப் பரீட்சையை எங்கே எழுதப்போகிறாள்?

வாசகர் கேள்வி – பதில்
(பதில் சொல்பவர் சிங்கப்பூரில் ஓர் அனைத்துலகப் பள்ளியின் மாணவர் சேர்க்கைப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்.)

கேள்வி: என் கணவருக்குச் சிங்கப்பூர் சாங்கி பிஸினஸ் பார்க்கில் உள்ள அலுவலகத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. இரண்டு வருட ஒப்பந்தம். நவம்பரில் எல்லோருமாகக் கிளம்புவதாக இருக்கிறோம். மகள் சிபிஎஸ்இ எட்டாவது, மகன் ஒன்றாவது. ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கம்பெனி பள்ளிக் கட்டணம் தரும். 'அவ்வளவு தூரம் போய் எதற்கு சிபிஎஸ்இ? ஐபி என்கிற அனைத்துலகப் பாடத்திட்டத்தில் போடு' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எந்தப் பள்ளியில் சேர்க்கலாம்?
— கோவையிலிருந்து ஒரு வாசகி

பதில்: எந்தப் பள்ளி என்பதற்கு முன்னால் எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். உங்கள் மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சையை எந்த ஊரில் எழுதப்போகிறாள்? என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்த பெற்றோரிடம் நான் முதலில் கேட்டதும் இதைத்தான். நீச்சல் குளத்தைப் பார்த்திருப்பார்கள், அறிவியல் கூடத்தைப் பார்த்திருப்பார்கள், இதை மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நவம்பரில் வருகிறீர்கள். ஒப்பந்தம் முடியும்போதும் நவம்பர்தான். அப்போது மகள் பத்தாம் வகுப்பின் நடுவில் இருப்பாள். சிபிஎஸ்இ பொதுத்தேர்வு பிப்ரவரி, மார்ச்சில் வந்துவிடும். ஒன்பதாவதிலேயே மாணவர் பெயரை வாரியத்தில் பதிந்துவிடுவதால் பத்தாவதில் பள்ளி மாறுவது லேசான காரியம் இல்லை. அப்பாவுக்கு மாற்றல் என்று காரணம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும். ஐபி-க்குப் போகும் பிள்ளைகள் பலர் அதற்கு முன் படிக்கும், பத்தாம் வகுப்புக்கு நிகரான பிரிட்டிஷ் படிப்பான ஐஜிசிஎஸ்இ-யில் போட்டால் நிலைமை இன்னும் சிக்கல். அது இரண்டு வருடப் படிப்பு. அடுத்த ஆகஸ்டில் தொடங்கினால் தேர்வு முடிய மே, ஜூன் ஆகிவிடும். ஒப்பந்தம் நீட்டிக்கப்படாவிட்டால் பாதிப் படிப்போடு கோவைக்குத் திரும்பி, அதே பாடங்களை நடத்தும் பள்ளியில் இடம் தேட வேண்டும். சிபிஎஸ்இ என்றால் கணவர் ஊர் திரும்பினாலும் நீங்கள் நாலு மாதம் இங்கே இருந்து பரீட்சையை முடித்துவிடலாம். அந்த நாலு மாதத்துக்கு யார் பெயரில் தங்கும் அனுமதி, யார் வாடகை என்பதை இப்போதே கம்பெனியிடம் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது முடியாது என்றால் ஒன்பதாவது முடிந்ததும் மகளை ஊருக்கு அனுப்ப மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆகவே, அவளுக்கு சிபிஎஸ்இதான் என்பது என் முடிவு. ஐபி மட்டமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. உங்கள் இரண்டு வருடத்துக்கு அது பொருந்தாது.

நவம்பரில் அவளைக் கூட்டி வருவதையும் மறுபடி யோசியுங்கள். இங்கே சிபிஎஸ்இ நடத்தும் இந்தியப் பள்ளிகளில் பெரும்பாலும் ஏப்ரலில் வகுப்பு தொடங்கும். மற்ற அனைத்துலகப் பள்ளிகளுக்கு ஆகஸ்ட், அரசுப் பள்ளிகளுக்கு ஜனவரி. கணவர் முதலில் வந்து வீடு பார்க்கட்டும். மகள் ஊரிலேயே எட்டாவது ஆண்டுத் தேர்வை எழுதிவிட்டு, ஒன்பதாவதின் முதல் நாளில் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து இங்கே உட்காரட்டும்.

ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. ஊரிலிருந்து வந்து இறங்கிய கையோடு நுழைவுத் தேர்வுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். கணக்குத் தாள் பூராவும் சரி. ஆங்கிலத்தில் 'உனக்குப் பிடித்த இடம்' பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தது. 'எங்கள் தெரு' என்று மேலே எழுதினாள். அப்புறம் பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள். சீவிக்கொண்டே இருந்தாள். தாள் மேல் சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது, ஒரு வரிகூட அதன் பின் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா 'எழுது, எழுது' என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. தெருவை விட்டு வந்த துக்கம். நுழைவுத் தேர்வை ஊரில் இருந்தபடியே எழுத முடியுமா என்று பள்ளியிடம் கேளுங்கள். பல பள்ளிகள் ஒத்துக்கொள்ளும்.

மகள் இரண்டாம் மொழியாகத் தமிழ் படிக்கிறாள் என்றால் ஒன்பது, பத்து இரண்டுக்கும் தமிழ் உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டு பதிலை வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் 'இருக்கு மேடம்' என்று சொல்வது போதாது. இரண்டு பிள்ளைகள்தான் தமிழ் கேட்டார்கள் என்று வகுப்பையே எடுத்துவிடுவதும் நடக்கும்.

மகன் விஷயம் சுலபம். ஒன்றாவது படிக்கும் பிள்ளை எந்தப் பாடத்திட்டத்திலும் ஒட்டிக்கொள்வான். சிலர் அரசுப் பள்ளியில் போடலாமே என்பார்கள். குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாத பிள்ளைகளுக்குத் தொடக்கநிலை ஒன்றில் கடைசிக் கட்டத்தில்தான் இடம், அதற்கும் மே, ஜூன் வாக்கிலேயே விருப்பம் தெரிவித்திருக்க வேண்டும். நவம்பரில் வருகிறவருக்கு வரும் ஜனவரிக்கு அது முடிந்த கதை. அக்காவும் தம்பியும் ஒரே வளாகம், ஒரே பேருந்து என்று பாருங்கள். புது ஊரில் உங்களுக்கு அது பெரிய நிம்மதி.

மகனின் தடுப்பூசி அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள். வெளிநாட்டில் பிறந்த, 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு சார்ந்திருப்போர் அனுமதி (இங்கே வேலை பார்ப்பவரின் குடும்பம் தங்குவதற்கான டிபென்டன்ட் பாஸ்) கேட்கும்போது தட்டம்மை, தொண்டை அடைப்பான் தடுப்பூசிகள் போட்டதற்குச் சான்று காட்ட வேண்டும். 2019-லிருந்து இது நடைமுறை. டாக்டர் கையெழுத்து புரியாமல், தேதி அழிந்துபோய் வரும் அட்டைகள் எத்தனையோ. கோவையிலேயே டாக்டரிடம் தெளிவாக ஆங்கிலத்தில் எழுதி முத்திரை வாங்கிவிடுங்கள். கணவரின் நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளிக்குக் குறையாமல் இருந்தால்தான் பிள்ளைகளுக்கு இந்த அனுமதி கிடைக்கும் என்பதையும் வேலைக் கடிதத்தில் சரிபாருங்கள்.

பணத்துக்கு வருவோம். 20,000 வெள்ளி என்றதும் தாராளமாகத் தோன்றும். இந்தியப் பள்ளிகளுக்கு அது ஓரளவு காணும். பெயர்பெற்ற பிரிட்டிஷ், அமெரிக்கப் பள்ளிகளில் அதைப் போல் இரண்டு மடங்குகூட ஆகும். விளம்பரத் தாளில் போட்டிருக்கும் கட்டணத்தோடு 9 சதவீத ஜிஎஸ்டி, விண்ணப்பக் கட்டணம், திரும்ப வராத சேர்க்கைக் கட்டணம், வளாக மேம்பாட்டுக் கட்டணம், பேருந்து, சீருடை, மடிக்கணினி, பத்தாவதில் தேர்வுக் கட்டணம் எல்லாம் சேரும். இதில் எதெதைக் கம்பெனி கொடுக்கும் என்று வரி வரியாகக் கேளுங்கள். இன்னொன்று, கம்பெனி கட்டும் பள்ளிக் கட்டணம் இங்கே உங்கள் கணவரின் வருமானமாகக் கருதப்பட்டு அதற்கும் வருமான வரி உண்டு. முதல் வருடம் வரிக் கடிதம் வந்ததும் திகைத்துப்போகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தத்தில் விலகல் பகுதியை முதலில் படியுங்கள். பல பள்ளிகள் ஒரு பருவத்துக்கு முன்னால் எழுத்தில் தெரிவிக்கச் சொல்லும், இல்லாவிட்டால் வைப்புத்தொகை போய்விடும். உங்கள் கணவரின் வேலைக்கு ஒரு மாத முன்னறிவிப்பு, பள்ளிக்கு மூன்று மாதம் என்றால் நடுவில் உள்ள பணம் யார் பொறுப்பு? எடுடிரஸ்ட் என்னும், தனியார் பள்ளிகளுக்கான அரசுத் தரச் சான்றிதழ் பெற்ற பள்ளி என்றால் கட்டணப் பாதுகாப்புத் திட்டம் இருக்கும். பள்ளி மூடப்பட்டாலும் கட்டிய பணத்துக்கு ஒரு காப்பு.

வீட்டைப் பார்த்துவிட்டுப் பள்ளி தேடாதீர்கள், பள்ளி முடிவான பிறகு வீடு பாருங்கள். சாங்கி பக்கம் வேலை என்பதால் சீமெய், தெம்பனிஸில் வீடு எடுத்து, பொங்கோலில் உள்ள பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் உண்டு. வரைபடத்தில் பக்கம்தான். பள்ளிப் பேருந்து ஒவ்வொரு புளோக்காக நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு மணி நேரம் ஆகிவிடும். ஆறு வயதுப் பிள்ளை இருட்டோடு இருட்டாக எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு லிஃப்ட்டுக்குள் நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அப்பா எங்கிருந்தாலும் எம்ஆர்டி ரயிலில் போய்க்கொள்வார்.

பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் அவர்கள் கொடுக்கும் நேரத்துக்குப் போய்விட்டு வந்துவிடாதீர்கள். பள்ளி விடும் நேரத்துக்கும் ஒரு தரம் போய் வாசலில் நில்லுங்கள். ஆசிரியர்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, பெரிய பிள்ளைகள் சின்னவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதெல்லாம் அங்கே தெரியும். போன வருடம் இந்த வகுப்பில் எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கேட்கிற பெற்றோரைப் பள்ளி மதிக்கும்.

கேள்வி: மகனை அனைத்துலகப் பள்ளியில் போட்டிருக்கிறோம். அங்கே தமிழ் கிடையாது. தமிழ் மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
— செங்காங் வாசகர்

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான் தம்பி. அரசுப் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைக்குத் தாய்மொழிப் பாடம் கட்டாயம், தமிழாசிரியர் இல்லாவிட்டால் தமிழ் கற்பிக்கும் வேறு நிலையத்துக்கு அனுப்பியாவது படிக்க வைப்பார்கள். அனைத்துலகப் பள்ளியில் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்திருக்கிற நாட்டில் இருக்கிறீர்கள், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வட்டார நூலகத்தில் சிறுவர் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன, சனிக்கிழமை காலை அவனைக் கூட்டிப்போய் அவனே எடுக்கட்டும். ஏப்ரல் முழுக்கத் தமிழ்மொழி விழா நடக்கும், சிறுவர் நிகழ்ச்சிகள் நிறைய. வாரத்துக்கு ஒரு வகுப்பு வைத்தால் மட்டும் எழுத்து வராது. தினமும் இரவு பத்து வரி நீங்கள் வாசியுங்கள், அவன் இரண்டு வரி எழுதட்டும். தாத்தா பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புவதற்குப் பதிலாகத் தமிழில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். அவர்களிடமிருந்து பதில் வரும்போது அவன் முகத்தைப் பாருங்கள்.

கேள்வி: மகனுக்குப் பத்து வயது. அனைத்துலகப் பள்ளிக் கட்டணம் தாங்கவில்லை. அரசுப் பள்ளிக்கு மாற்றலாமா? அதற்காக நிரந்தரவாசத்துக்கும் விண்ணப்பிக்கலாம் என்கிறார் கணவர்.
— ஜூரோங் வாசகி

பதில்: மாற்றலாம், ஆனால் காலம் குறைவு. ஏஇஐஎஸ் என்னும் சேர்க்கைத் தேர்வு எழுத வேண்டும், ஆங்கிலமும் கணக்கும். தொடக்கநிலையில் ஐந்தாம் வகுப்பு வரைதான் அதில் சேர்ப்பார்கள், ஆறாவதில் பிஎஸ்எல்இ என்னும் தேசியத் தேர்வு இருப்பதால் புதிதாக எடுப்பதில்லை. தேறினாலும் எங்கே இடம் காலியோ அந்தப் பள்ளிதான். இந்தியக் குடிமக்களுக்குத் தொடக்கப்பள்ளிக் கட்டணம் மாதம் ஏறக்குறைய ஆயிரம் வெள்ளி, உயர்நிலைக்குப் போனால் அதைப் போல் இரண்டு மடங்கு. அனைத்துலகப் பள்ளியைவிடக் குறைவு, அவ்வளவுதான். கணக்கில் இங்கே கட்டம் போட்டுச் செய்யும் முறை ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிது, இப்போதே பழக்குங்கள்.

நிரந்தரவாசம் வேறு பெரிய விஷயம். அப்பா அம்மா வழியாக நிரந்தரவாசி ஆகும் ஆண்பிள்ளைக்குத் தேசிய சேவைக் கடமை (ராணுவம், காவல் போன்றவற்றில் கட்டாயப் பணி) உண்டு. பதினாறரை வயதில் பதிவு, பிறகு இரண்டு வருட முழுநேரச் சேவை. சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தை விட்டுவிட்டால் பின்னால் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே நிற்கும். இந்த நாட்டில் வேரூன்ற வேண்டும் என்று நினைத்தால் மனநிறைவோடு விண்ணப்பியுங்கள், சேவையும் கௌரவமானது. பள்ளிக் கட்டணம் குறையும் என்பதற்காக மட்டும் செய்யாதீர்கள். அவன் வாழ்க்கையில் இரண்டு வருடம் அது. விவரம் தெரிகிற வயது, அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள்.

கேள்வி: மகள் ஐஜிசிஎஸ்இ முடிக்கப்போகிறாள். ஊரில் டாக்டருக்குப் படிக்க ஆசை. பதினொன்றாவதுக்கு ஐபி சரியா?
— பொங்கோல் வாசகி

பதில்: நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். ஐபி டிப்ளோமாவில் வழக்கமாக இரண்டு அறிவியல் பாடம்தான் எடுக்க முடியும், மூன்றாவதுக்குத் தனி அனுமதி கேட்க வேண்டும். எல்லாப் பள்ளியும் அதற்கு முன்வராது. நீட் கேள்விகள் கேட்கும் விதமும் ஐபி தேர்வின் விதமும் வேறு வேறு, இரண்டுக்கும் சேர்த்துப் படிக்கிற பிள்ளைகள் சனி, ஞாயிறுகூடத் தூங்குவதில்லை. ஊரில் மருத்துவம் என்பது உறுதியானால் பதினொன்று, பன்னிரண்டுக்கு சிபிஎஸ்இ-க்கு மாறிவிடுங்கள். ஐஜிசிஎஸ்இ முடிவு ஆகஸ்டில்தான் வரும், சிபிஎஸ்இ வகுப்போ ஏப்ரலில் தொடங்கிவிடும். ஆகவே முடிவுக்குக் காத்திருக்காமல் பள்ளியின் மாதிரித் தேர்வு மதிப்பெண்ணை வைத்துத் தற்காலிக இடம் தருவார்களா என்று ஜனவரியிலேயே போய்க் கேளுங்கள்.