காட்ஸ் அடிக்கப் போகும் ஐயாவை மறிக்கலாமா?

கேள்வி: ஐயாவுக்கு 72 வயது. போன வருடம் வயலை அண்ணாவிடம் கொடுத்துவிட்டார். இப்போது பின்னேரம் மூன்று மணியானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசிகசாலைக்குப் போய் (கால் மணித்தியால ஓட்டம்) இருட்டும் வரை 304 விளையாடுகிறார். ‘இந்த வயதில் காட்ஸ் என்ன வேண்டிக் கிடக்கு’ என்று அம்மா ஒரே ஏச்சு. பிரஷருக்குக் கிளினிக்கில் மருந்தும் எடுக்கிறார். மறிக்கலாமா? – மகள், மல்லாவி

பதில்: மறிக்காதீர்கள் பிள்ளை. காலம் முழுக்க வயலும் வரம்புமாக நின்று, இடம்பெயர்ந்து, திரும்பி வந்து பற்றை வெட்டித் திரும்பவும் விதைத்த மனிதருக்கு, வயலை விட்ட பிறகு மிஞ்சியிருக்கும் போக்கிடம் அது ஒன்றுதான். அதையும் மறித்தால் சாய்மனைக் கதிரையும் ரீவியும்தான் மிச்சம்.

304 சும்மா விளையாட்டும் இல்லை. நாலு பேருக்கு 32 காட்ஸ். ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, ஒவ்வொரு வகையிலும் 76, நாலுக்கும் கூட்டினால் 304. முதலில் கைக்கு வரும் நாலை மட்டும் பார்த்து எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்டு, துரும்பை (மற்ற வகைகளை வெட்டும் வகையின் காட்டை) கவிழ்த்து வைக்க வேண்டும், பிறகு எந்த ஜாக் போனது, எந்த ஒன்பது இன்னும் வெளியே வரவில்லை என்று கணக்கு வைத்துக்கொண்டே எதிரே இருக்கும் கூட்டாளியின் முகத்தையும் வாசிக்க வேண்டும். நியூயோர்க்கில் 75 வயது தாண்டிய 469 பேரை வருடக்கணக்காகக் கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், வாசிப்பு, பலகை விளையாட்டு, வாத்தியம், நடனம் என்று ஈடுபட்டவர்களுக்கு மறதிநோய் குறைவாகவே வந்திருந்தது. விளையாடியதால்தான் வரவில்லை என்று அடித்துச் சொல்ல ஏலாது, மறதி மெல்லத் தொடங்கியவர்கள் அதனாலேயே விளையாட்டை விட்டிருக்கவும் கூடும்.

சைக்கிளையும் கணக்கில் எடுங்கள். போக 15, வர 15, கிழமைக்கு ஐந்து நாள் என்றால் 150 நிமிடம். பெரியவர்களுக்கு ஒரு கிழமைக்கு ஆகக் குறைந்தது இவ்வளவு உடல் அசைவு வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

ஆனால் காசு வைத்து விளையாடினால் கட்டாயம் மறியுங்கள். ஒரு ஆட்டம் முடிய எழும்பி நாலு எட்டு நடக்கச் சொல்லுங்கள். வயது போனால் தாகம் அவ்வளவாகத் தெரியாது, நம்முடைய வெயிலுக்கு ஒரு போத்தல் தண்ணீர் கூடவே போகட்டும். குளிசை தவறக் கூடாது. இருட்ட முன்னமே வீடு வந்துவிட வேண்டும், யானை திரியும் பக்கம் உங்கள் பக்கம்.

அப்புறம் அம்மா. அவ ஏசுவது காட்ஸை நினைத்து என்று எனக்குப் படவில்லை. ஐயாவுக்கு வாசிகசாலை இருக்கிறது, அவவுக்கு அடுப்படியும் பேரப்பிள்ளைகளும்தானே? அவவை ஒரு நாளாவது ‘உங்களுக்கு எங்கே போக விருப்பம்’ என்று கேட்டிருக்கிறீர்களா? பின்னேரம் சமையலை நீங்கள் பொறுப்பெடுத்து, பக்கத்து வளவு அக்காவோடு கோயிலடிக்கு நடந்து போய்வர விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் தாயக்கோடு கீறி, அம்மாவை இருத்தி, நீங்களும் ஒரு காய் பிடியுங்கள்.